மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இறுகுகிறதா? கவனிக்கும் இடத்தை மாற்றுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. இடது மார்பகத்தை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. கீமோவில் முதல் பாதி முடிந்து, இப்போது வாரம் ஒரு முறை பேக்லிடாக்சல் ஏற்றுகிறார்கள். 12 முறையில் 5 முடிந்திருக்கிறது. அடுத்து ரேடியேஷன், அதற்குப் பிறகு டமாக்சிஃபென் மாத்திரை என்கிறார் டாக்டர். என் தங்கை போனில் ஒரு மைண்ட்ஃபுல்னெஸ் ஆப் போட்டுக் கொடுத்தாள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறது. இரண்டு நிமிடம்கூட முடியவில்லை. நெஞ்சு இறுகுகிறது, தழும்பு இழுக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, அழுகை வந்துவிடுகிறது. ராத்திரி தூக்கமும் இல்லை. "மனசு அமைதியா இருந்தாத்தான் மருந்து வேலை செய்யும், இல்லேன்னா திரும்ப வந்துடும்" என்று என்னைப் பார்க்க வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதே பயம். எனக்கு மனதைக் கட்டுப்படுத்த வரவில்லை. மறுபடி வந்துவிடுமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் காதில் ஏறாது. தியானம் கைகூடவில்லை என்பதற்காக மார்பகப் புற்றுநோய் திரும்பி வராது. திரும்பி வரும் வாய்ப்பைக் கணிக்க டாக்டர்கள் பார்ப்பது கட்டியின் அளவு, அக்குள் நிணநீர் முடிச்சுகளில் எத்தனைக்குப் பரவியிருந்தது, கட்டியின் செல்களில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் எப்படி இருந்தன, சொன்ன சிகிச்சை முழுதாக முடிந்ததா என்பவற்றைத்தான். நீங்கள் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாலும் பேக்லிடாக்சல் தன் வேலையைச் செய்யும். செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிற மருந்து அது. உங்கள் மனநிலையைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை.

இந்தப் பயிற்சியால் என்ன கிடைக்கும் என்பதையும் அளவோடு தெரிந்துகொள்வது நல்லது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. பயிற்சி வகுப்பு முடிந்த கையோடு பதற்றமும் மனச்சோர்வும் கொஞ்சம் குறைகின்றன, தூக்கம் கொஞ்சம் சீராகிறது. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்த நிலை ஆறு மாதம்வரை ஓரளவு நிற்கிறது. இரண்டு ஆண்டு அளவில் பார்த்தால், பயிற்சி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆயுள் கூடுமா என்று சொல்ல அதில் தரவே இல்லை. "கொஞ்சம்" என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிகிச்சைக் காலத்தில் கொஞ்சம் என்பது பெரிய விஷயம். 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பிறகும். பரிந்துரை அதோடு நிற்கிறது. கட்டியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் தீர்த்துவிடுவோம். மைண்ட்ஃபுல்னெஸ் என்பதைச் சிலர் "நினைவாற்றல்" என்று எழுதுகிறார்கள். நினைவாற்றல் என்றால் நமக்கு ஞாபகசக்தி. கீமோவால் ஞாபகம் மங்கி, சொல்ல வந்த சொல் நாக்கில் நிற்காமல் தவிக்கிறவரிடம் அந்தப் பெயரில் ஒரு பயிற்சியைக் கொடுத்தால், அதிலும் தோற்றுவிட்டோம் என்றுதான் தோன்றும். இதில் நினைவில் வைக்க ஒன்றும் இல்லை, மனதைக் காலி செய்யவும் வேண்டாம், கட்டுப்படுத்தவும் வேண்டாம். இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது, பார்த்ததோடு சண்டைக்குப் போகாமல் இருப்பது, அவ்வளவுதான்.

இனி உங்கள் நெஞ்சு ஏன் இறுகுகிறது என்று பார்ப்போம். ஆப் பேசுவது யாரோ ஒரு நல்ல உடம்புக்காரரிடம். அவருக்கு மூச்சு என்பது ஆபத்தில்லாத, அமைதியான இடம். உங்களுக்கு மூச்சு ஏறி இறங்கும் அதே இடத்தில்தான் கத்தி பட்டிருக்கிறது. தோல் இழுத்துத் தைக்கப்பட்டிருக்கிறது, அடியில் மார்புத் தசை இறுகியிருக்கிறது, அக்குளிலும் மேல்கையின் உட்புறத்திலும் போகும் உணர்வு நரம்பு அறுவையில் நசுங்கியோ அறுபட்டோ இருக்கலாம். சும்மா இருக்கும்போது பின்னணியில் கிடக்கும் இந்த இழுப்பு, கண்ணை மூடி அங்கேயே கவனத்தை வைத்தால் முன்னுக்கு வந்து நிற்கும். மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் மூச்சே. "மூச்சைக் கவனி" என்றால் பெரும்பாலோர் தெரியாமலே ஆழமாக இழுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடும் விரல் நுனியும் கூசும், தலை லேசாகச் சுற்றும், நெஞ்சு இறுகும். பயந்து இன்னும் ஆழமாக இழுப்பீர்கள், இறுக்கம் இன்னும் கூடும். இது மன பலவீனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். யார் செய்தாலும் உடம்பில் இதுதான் நடக்கும். மறுபடி வந்தால் மூச்சைச் சிறிதாக்குங்கள். வெளியே விடுவது மட்டும் உள்ளே இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். சில நிமிடங்களில் அடங்கும்.

விரல் மரத்துப்போவதில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கவனித்துச் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது வந்து, முடிந்த சில நிமிடங்களில் போய்விட்டால் அது மூச்சின் வேலை. நாள் முழுக்க நிற்கிறதா, இரண்டு கையிலும் பாதத்திலும் கையுறை காலுறை போட்டதுபோல் இருக்கிறதா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறீர்களா? அப்படியானால் அது பேக்லிடாக்சலின் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். அடுத்த டோஸ் ஏறும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்க அவருக்கு அந்தத் தகவல் வேண்டும். அதேபோல, நடந்தாலோ படுத்தாலோ மூச்சு வாங்குவது, சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிப்பது, ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் பதற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. கீமோ மருந்துகளில் சில இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. சிகிச்சைக் காலத்தில் ரத்தம் உறைவதும் நடக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

ஆக, மாற்ற வேண்டியது உங்களை இல்லை, கவனத்தை வைக்கும் இடத்தை. மூச்சை விட்டுவிடுங்கள். வழக்கமாக அடுத்துச் சொல்லப்படும் இடம் உள்ளங்கால். பாதம் இன்னும் தெளிவாக இருந்தால் அது நல்ல இடம்தான். மரத்துப்போயிருந்தால் அதையும் விட்டுவிட்டு, தொடையின் அடிப்பக்கம் நாற்காலியில் படும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் கனம் தெரிகிற இடம் அது; மருந்தும் கத்தியும் அதிகம் தொடாத இடம். உடம்பே வேண்டாம் என்று தோன்றும் நாளில் காதில் விழும் சத்தம் போதும்.

சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியட்டும். இடது கையின் கீழே ஒரு தலையணை வையுங்கள், தோள் தொங்காமல் இருக்கும் உயரத்துக்கு. கை தொங்கினால் தழும்பு இழுக்கும், கவனம் அங்கேயே போகும். கண்ணை மூட வேண்டாம். இரண்டு முழம் தள்ளித் தரையில் ஒரு இடத்தைச் சும்மா பாருங்கள். டைமரில் மூன்று நிமிடம் வையுங்கள். எப்போது முடியும் என்ற கணக்கை டைமர் பார்த்துக்கொள்ளும். இப்போது தொடையைக் கவனியுங்கள். கனமா, சூடா, துணியின் மடிப்பு உறுத்துகிறதா, வலதும் இடதும் ஒரே மாதிரி அழுந்துகிறதா?

பத்தாவது நொடியிலேயே மனம் கிளம்பிவிடும். "வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை, வெள்ளையணு குறைந்திருந்தால் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டால்..." இப்படி எங்கோ போய்விட்டு, திடீரென்று, அட, போய்விட்டோமே என்று தெரியவரும். அந்த இடத்தில் நின்று, மனம் ஏறிப்போன வண்டிக்கு ஒரு சொல்லில் பெயர் வையுங்கள்: "கணக்கு." கெட்ட கணக்கா நல்ல கணக்கா என்ற விசாரணை வேண்டாம். பிறகு தொடைக்குத் திரும்புங்கள். அடுத்த முறை "பயம்", அதற்கடுத்து "இழுப்பு", "கோபம்". மூன்று நிமிடத்தில் இருபது தடவை போய் இருபது தடவை திரும்பினால், இருபது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. போகாமல் இருப்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆப் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

அழுகை வந்தால் "அழுகை" என்று பெயர் வைத்துவிட்டு அழுங்கள். தொண்டை எங்கே அடைக்கிறது, கண்ணீர் கன்னத்தில் எங்கே சூடாக ஓடுகிறது என்று முடிந்தால் கவனியுங்கள். பல நேரம் சில நிமிடத்தில் தானே ஓய்ந்துவிடும். ஓயாமல் கூடிக்கொண்டே போனால், அல்லது உடம்பை விட்டு விலகி நிற்பதுபோல் ஏதோ மரத்த உணர்வு வந்தால், அதோடு நிறுத்திவிடுங்கள். எழுந்து நின்று அறையில் கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு கதவின் கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து இப்படி ஆனால் தனியாகச் செய்ய வேண்டாம். பழைய அதிர்ச்சி ஏதாவது உள்ளே இருப்பவர்களுக்குத் தியானம் அதைக் கிளறிவிடும் என்பது தெரிந்த விஷயம். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் பக்கத்தில் இருந்தால்தான் அது சரிப்படும்.

எவ்வளவு நேரம்? 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய மூலப் பயிற்சி எட்டு வாரம் நடக்கும். வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு முழுநாள். வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். வாராவாரம் கீமோ ஏறும் ஒருவருக்கு இதைச் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதைக்குத் தினம் இரண்டு வேளை, வேளைக்கு மூன்று நிமிடம். இரண்டு வாரம் கழித்து ஐந்து நிமிடம். கீமோ முடியும்வரை பத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. தனியாக நேரம் ஒதுக்கினால் தவறிப்போகும். காலை மாத்திரை போட்ட கையோடு ஒன்று, சாயந்திரம் ஏற்கனவே செய்யும் ஏதோ ஒரு வேலையோடு ஒன்று என்று ஒட்டவைத்துவிடுங்கள். மருந்து ஏறிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால் விட்டுவிடுங்கள். விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

தலையிலிருந்து கால்வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கும் பயிற்சியும் அந்த ஆப்பில் இருக்கும். அதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தொடங்கும்போது காலிலிருந்து மேலே வாருங்கள். இடுப்பு, வயிறு, பிறகு நெஞ்சைத் தொடாமல் நேராகத் தோளுக்கும் கழுத்துக்கும் போய்விடுங்கள். "இப்போது மார்பைக் கவனியுங்கள்" என்று குரல் சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். சில வாரம் கழித்து, இன்று பார்க்கலாம் என்று தோன்றும் நாளில், காறை எலும்பில் ஆரம்பித்துத் தழும்பின் விளிம்புவரை போய், இரண்டு மூச்சு அளவு நின்றுவிட்டு, தொடைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே எதுவுமே தெரியவில்லை, மரக்கட்டைபோல் இருக்கிறது என்றால் அதுவும் ஒரு கவனிப்புதான். எடுத்த மார்பு இன்னும் இருப்பதுபோல் அரிப்போ வலியோ வருவதும் உண்டு. நரம்புகள் பழைய வரைபடத்தை இன்னும் வைத்திருக்கின்றன. மனம் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

தூக்கத்துக்கு வருகிறேன். பேக்லிடாக்சலுக்கு முன்னால் ஒவ்வாமை வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். அது ஸ்டீராய்டு. அன்று ராத்திரி, சிலருக்கு மறுநாள் ராத்திரியும், கண் கொட்டக்கொட்ட விழித்திருக்க வைக்கும். மருந்து ஏறும் நாளை ஒட்டித்தான் தூக்கம் கெடுகிறதா என்று இரண்டு வாரம் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். முதல் சில டோஸில் ஒவ்வாமை வராதவர்களுக்கு ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பது உண்டு, அது அவர் முடிவு. நீங்களாகக் குறைக்க வேண்டாம். பயிற்சியைத் தூக்க மாத்திரைபோல் பயன்படுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு. படுத்துக்கொண்டு கவனித்தால் "தூக்கம் வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று காவல் காக்க ஆரம்பித்துவிடுவீர்கள். காவல் இருக்கும்வரை தூக்கம் வராது. இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று பட்டால் எழுந்து நாற்காலிக்கு வாருங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், விளக்கு மங்கலாக இருக்கட்டும். தொடைப் பயிற்சியை மூன்று நிமிடம் செய்யுங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

ரேடியேஷன் தொடங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இடது பக்கம் என்பதால், இதயத்தில் கதிர் படாமல் தள்ளி வைக்க, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லக்கூடும். அந்த நேரத்தில் உங்கள் சொந்த மூச்சுப் பயிற்சி எதுவும் வேண்டாம். அவர்கள் குரல் சொல்கிறபடி இழுத்து, சொல்கிறபடி விடுங்கள். அந்தக் குரலையே கவனிக்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். கதிர் பாய்வது சில நிமிடம்தான், ஆனால் சரியாகப் படுக்கவைத்து அளவெடுக்க அதைவிட நேரமாகும். கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்துப் படுக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் அந்த நேரம் நரகமாகிவிடும், எந்தக் கவனிப்பும் அதைச் சரிசெய்யாது. இப்போதே பிசியோதெரபிஸ்டிடம் தோள் பயிற்சி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களுக்குக் காகிதம் நல்லது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் மனம் சேர்த்தது. "முதுகில் இரண்டு நாளாக வலி" என்பது இடப்பக்கம். "எலும்புக்குப் போய்விட்டது" என்பது வலப்பக்கம். வலப்பக்கத்தோடு வாதாட வேண்டாம், எழுதினால் போதும். இடப்பக்கத்துக்கு ஒரு செயல் எழுதுங்கள்: புதிதாக வந்த வலி இரண்டு வாரம் தாண்டி நின்றாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ டாக்டரிடம் சொல்வது. கவனிப்புப் பயிற்சி என்ற பெயரில் வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பு.

புற்றுநோய்ப் பிரிவுகளில் பயன்படுத்தும் ஒரு அளவுகோல் உண்டு. கடந்த ஒரு வாரத்தில் மனத்துயர் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை நீங்களே எண் போடுவது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு. வாரம் ஒரு முறை போட்டுக் குறித்து வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்கள் எண் இப்போதே நான்கைத் தாண்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை போகும்போது அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, பொழுது விடிந்தாலே பாரமாக இருக்கிறது என்றால் மனநல மருத்துவர் தேவை. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால், டமாக்சிஃபென் தொடங்கப்போகிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பராக்சிட்டின், ஃப்ளூவாக்சிட்டின் போன்ற மாத்திரைகள் டமாக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கும். வென்லாஃபாக்சின் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன, அதனால் சிக்கல் இல்லை. இரண்டு டாக்டருக்கும் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்தால் போதும்.

வந்து பயமுறுத்திவிட்டுப் போனவருக்குப் பதில் தேட வேண்டாம். தங்கைக்கு மட்டும் ஒரு வேலை கொடுங்கள்: "எதுவும் சொல்லாதே, மூணு நிமிஷம் பக்கத்துல உட்காரு." அவளும் கூடவே செய்தால், ஆப் தேவைப்படாது.

முழு எட்டு வார வகுப்புக்கு நல்ல நேரம் எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு வரும். வீட்டில் எல்லோரும் முடிந்துவிட்டது என்று மூச்சு விடும்போதுதான் பலருக்கு உள்ளே பயம் ஆரம்பிக்கிறது. கனடாவில் லிண்டா கார்ல்சனும் மைக்கேல் ஸ்பெக்காவும் புற்றுநோய் வந்தவர்களுக்கென்றே இந்தப் பயிற்சியை மாற்றி அமைத்தார்கள். அந்த வகையில் பயின்ற ஆசிரியர் கிடைத்தால் நல்லது. யாராக இருந்தாலும் சேரும் முன் கேளுங்கள்: புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு நடத்தியிருக்கிறீர்களா, கண்ணைத் திறந்து செய்யலாமா, நடுவில் எழுந்து போகலாமா? வகுப்பில் ஆசனமும் இருக்கும். இடது கையில் முழு உடல் எடையை ஊன்றும் நிலைகளை அறுவை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை செய்ய மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதைச் செய்தால் நோய் திரும்ப வராது என்று அந்த ஆசிரியர் உறுதி கொடுத்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.